பதினாலாம் நம்பர் குழி

அத்தியாயம் 7

“இது பழசு. இந்த வருஷத்துக் காசு இருந்தா குடுங்க.”

டீக்கடைக்காரர் மேஸ்திரியை ஏற இறங்கப் பார்த்தார். மீதிச் சில்லறையை வருஷம் பார்த்து வாங்குகிற ஆளை அவர் ஆயுசில் பார்த்திருக்க மாட்டார். கல்லாவை விரலால் அளைந்து, பளபளவென்று ஒன்றைப் பொறுக்கி நீட்டினார். மேஸ்திரி அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“காசுக்கே வயசு சர்டிபிகேட் கேக்கற முதல் ஆளு நீங்கதான் மேஸ்திரி,” என்றான் ரேடியோ.

“தொழில் பழக்கம் சார்.” மேஸ்திரி சிரித்தார். நல்ல சிரிப்பு. ரேடியோவுக்கு அந்த மனுஷரைப் பார்த்த அஞ்சாவது நிமிஷமே பிடித்துப்போயிற்று.

ரேடியோ என்பது அவனுடைய பெயர் இல்லை. வாய் ஓயாமல் பேசுகிறவனுக்கு ஆபீசில் வைத்த பெயர், ஒட்டிக்கொண்டது. அவனுடைய பாஸுக்குத் தராசு என்று பெயர். இன்சூரன்ஸ் கம்பெனியில் இருபது வருஷம் பொய் க்ளெய்ம்களாகப் பிடித்துப் பிடித்து, வேலையை விட்டபின் துப்பறியும் ஆபீஸ் திறந்தவர். ஒரு வார்த்தையை வெளியே விடுவதற்கு முன் நிறுத்துப் பார்ப்பார். தராசு சேமித்து வைக்கிற வார்த்தைகளையெல்லாம் ரேடியோதான் செலவழிக்கிறான் என்று அந்த வட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு.

தராசு மேஸ்திரியின் சட்டைப் பையை ஒரு விநாடி பார்த்தார், பிறகு டீயைக் குடித்தார்.

கேஸைக் கொண்டுவந்த அம்மா சற்றுத் தள்ளி நின்றுகொண்டிருந்தார். கையிலிருந்த டீ ஆறி ஏடு கட்டிவிட்டது. அவர் ஆய்வாளர். விவசாயம் நின்றுபோன நிலத்தில் யார் எதைக் கட்டுவதானாலும், மண்ணுக்கடியில் பழங்காலத்துச் சங்கதி ஏதாவது கிடக்கிறதா என்று முதலில் பார்த்தாக வேண்டும், அது சட்டம். பார்த்துச் சொல்கிறவர் இவர். பத்தொன்பது வருஷமாக அதுதான் வேலை. அவர் கை காட்டுகிற இடத்தில் குழி தோண்டுகிறவர் மேஸ்திரி. அவருக்கும் பன்னிரண்டு வருஷமாக அதுதான் வேலை. ஆய்வாளரை அக்கா என்பார், ஆய்வாளர் அவரைத் தம்பி என்பார். கூடப் பிறக்காததுதான் பாக்கி.

பிப்ரவரியில் இந்த நாற்பது ஏக்கரில் இருபத்திரண்டு சோதனைக் குழி போட்டார்கள். இருபத்தொன்றில் ஒன்றுமில்லை. பதினாலாம் நம்பர் குழியில் மட்டும், இடுப்பளவு ஆழத்தில், தட்டையான செங்கல்லால் கட்டிய ஒரு சுவரின் மூலை. அதை ஒட்டி ஒரு பெரிய பானையின் வாய். பானைக்குள் ஒரு கைக்குழந்தையின் கை மட்டுமே நுழைகிற அளவுக்கு ஒரு சங்கு வளையல். ஆய்வாளர் எதையும் தொடவில்லை. இருந்த இடத்திலேயே விட்டு, போட்டோ பிடித்து, மண்ணைப் போட்டு மூடி, ‘இங்கே வீடு கட்டக் கூடாது’ என்று எழுதிக் கொடுத்தார். விதி அப்படி.

விதிப்படி நடந்ததுதான் வினையாகிவிட்டது. வீட்டுமனை போடுகிற கம்பெனி மறு ஆய்வு கேட்டது. விசாரணைக் குழு வந்தது. ரிப்போர்ட்டில் இருந்த அளவைப் பிடித்துத் தோண்டினால், கலப்பை கிளறிய மண்ணுக்குக் கீழே கைபடாத கன்னி மண். சுவரும் இல்லை, பானையும் இல்லை. போட்டோ இருந்த டேப்லெட், அந்தக் கம்பெனியே கொடுத்தது. சர்வீசுக்கு என்று வாங்கிப் போனார்கள், துடைத்த சிலேட்டாகத் திரும்பி வந்தது. நிலத்தின் மேலே பொறுக்கிய மூன்று பானை ஓடுகள் மட்டும் ஆய்வாளர் கையில் மிச்சம். அதுவும் வேறெங்கிருந்தோ கொண்டுவந்து போட்டது என்று எழுதிவிட்டார்கள்.

இன்றைக்கு மூணு மணிக்குக் கடைசி விசாரணை. அதற்குள் தன் பக்கத்தை நிரூபிக்க அரை நாள் உள்ளே போய்ப் பார்க்கலாம் என்று குழு அனுமதி கொடுத்திருந்தது. பெரிய மனசுதான்.

“லைசென்ஸ் போனா போகட்டும் சார்,” என்றார் ஆய்வாளர், தராசிடம். “வேற வேலை பாத்துக்கலாம். பொய் சொன்னவள்னு எழுதப் போறாங்க. எம் பொண்ணு அதப் படிப்பா.”

“அழாதீங்கக்கா,” என்றார் மேஸ்திரி. ஆய்வாளர் அழவே இல்லை.

காரில் ஏறினார்கள். கேட்டைத் தாண்டி உள்ளே போகிற பாதை புத்தம் புதுசாக இருந்தது. கெட்டியாகத் தட்டிப் போட்ட ஜல்லி ரோடு. ரேடியோ மடியில் வைத்திருந்த டீ கப்பில் ஒரு சொட்டு சிந்தவில்லை.

“வீடு எப்படிக் கட்டுவானோ தெரியாது பாஸ், ரோடு பிரமாதமா போட்டிருக்கான். இதுலயே பாய் விரிச்சுப் படுத்துரலாம்.”

மேஸ்திரி ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். 

*

எல்லா அளவுக்கும் ஆரம்பம் ஒரு எல்லைக் கல். அதிலிருந்து கிழக்கே அறுபது மீட்டர், அங்கிருந்து உள்ளே இருபது. அதுதான் பதினாலு. குழுவும் அப்படி அளந்துதான் தோண்டியிருக்கிறது. தோண்டிய பள்ளம் திறந்தபடி வெறும் வாயாகக் கிடந்தது.

“இங்கேருந்துதான் சார் அளந்தோம்,” என்று மேஸ்திரி டேப்பைக் கல்லோடு சேர்த்துப் பிடித்தார். “மறுபடி ஒருதடவ அளந்துருவோமா?”

தராசு டேப்பைப் பார்க்கவில்லை. கல்லுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார் என்பது ரேடியோவுக்குத் தெரியும், அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான். கல்லின் மேல்பாதி வெயிலிலும் மழையிலும் கறுத்திருந்தது. கீழ்ப்பாதி வெளுப்பு. வருஷக்கணக்காக மண்ணுக்குள் இருந்த பகுதி. கறுப்பும் வெளுப்பும் சேருகிற கோடு தரைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நின்றது.

“கல்லு வளருமா பாஸ்?”

“வளராது. பிடுங்கி நட்டவன் அவசரத்துல ஆழமா நடல.”

ஆய்வாளர் ஓடிவந்து பார்த்தார்.  “நகத்திட்டாங்களா? எங்கேருந்து? சார், எங்கேருந்து நகத்தினாங்கன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க? நாப்பது ஏக்கர் சார்.”

தராசு எழுந்தார். “இந்த நிலத்துல எத்தனை வருஷம் உழுதிருப்பாங்க?”

“அம்பது வருஷம் இருக்கும்.”

“ரேடியோ, நீ டிராக்டர் ஓட்டறே. எதிர்ல கல்லு நிக்குது. என்ன பண்ணுவே?”

“வளைச்சுப் போவேன் பாஸ். இல்லன்னா முதலாளி என்னை வளைச்சிருவான்.”

“அம்பது வருஷம் எல்லாரும் அப்படித்தான் வளைச்சிருப்பாங்க. இந்தக் கல்லைச் சுத்திப் பாரு. ஒரு இடத்துலயும் வளையல. உழவுச் சால் நேராப் போய்க் கல்லு மேல முட்டுது.”

அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எல்லையோரமாக நடந்தார்கள். உழவு நின்று மூணு வருஷம் ஆகியும் சால்களின் மேடு பள்ளம் காலில் தட்டுப்பட்டது. பதினோரு மீட்டர் தள்ளி, கிழக்கே, சால்களெல்லாம் சேர்ந்தாற்போல ஒதுங்கி வளைந்து மறுபடி கூடின. நடுவில் கலப்பையே படாத ஒரு சின்னத் திட்டு, கட்டாந்தரையாக இறுகிப்போய், முரட்டுப் புல்லோடு. கல்லைத் தூக்கிக்கொண்டு போனவனுக்கு அந்தத் திட்டைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்று தோன்றவில்லை.

ஆய்வாளர் அந்தத் திட்டின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“பதினோரு மீட்டர்,” என்றார். “பதினோரு மீட்டர்ல என்னைப் பொய்க்காரி ஆக்கிட்டாங்களே தம்பி.”

மேஸ்திரி டேப்பைச் சுருட்டினார். “நல்ல கண்ணு சார் உங்களுக்கு,” என்றார் தராசைப் பார்த்து. பாராட்டு மாதிரிதான் இருந்தது.

*

திட்டிலிருந்து அளந்து, புது இடத்தில் இரும்புக் கம்பியைக் குத்திப் பார்த்தார்கள். கைபடாத மண் கம்பியை ஒரு விரலுக்கு மேல் உள்ளே விடாது. தோண்டி மூடின மண் விடும். இது வாங்கோ வாங்கோ என்று விட்டது.

மணி எட்டு. ரேடியோவும் மேஸ்திரியும் தோண்ட ஆரம்பித்தார்கள். முழங்கால் ஆழத்துக்கு வருவதற்குள் ரேடியோவின் இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம்.

“பாஸ், வேலைல சேர்ந்தப்ப துப்பறியணும்னீங்க. மண்ணு அறியணும்னு சொல்லல.”

“நீங்க தள்ளுங்க சார், நான் வெட்டறேன்.” மேஸ்திரி மண்வெட்டியை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். குழியின் நாலு பக்கமும் கத்தியால் சீவினாற்போல் இறங்கியது. அவர் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

“இதுவரைக்கும் எத்தனை குழி போட்டிருப்பீங்க மேஸ்திரி?”

“ஆயிரம் இருக்கும். அதுக்கு மேலயும் இருக்கும்.”

“வீடு எங்க?”

“எந்த வீட்டக் கேக்கறீங்க? பன்னெண்டு வருஷத்துல ஒம்பது வீடு மாறிட்டோம். ஒரு ரூம்ல அஞ்சு பேரு. வீட்டுக்காரன் காலி பண்ணுன்னா, பொண்ணுக்கு ஸ்கூல மாத்தணும்.” மண்ணை வாரி எறிந்தார். “மாறும் சார். இந்த வருஷம் மாறிடும்போல இருக்கு.”

ஆய்வாளர் குழியின் விளிம்பில் மண்டியிட்டு, விழுகிற ஒவ்வொரு கட்டியையும் கையால் நொறுக்கிப் பார்த்தார். தராசு அவரிடம் கேட்டார்: “இது நீங்க போட்ட குழிதான்னு குழுகிட்ட எப்படிச் சொல்வீங்க?”

“அடியில என் காசு இருக்கும் சார். மூடறதுக்கு முன்னாடி ஒரு காசு போட்டுருவோம். அந்த வருஷத்துக் காசு. நூறு வருஷம் கழிச்சு ஒருத்தன் தோண்டினா, அடடா, இங்க ஏற்கெனவே பாத்துட்டாங்க, இந்த வருஷம் பாத்திருக்காங்கன்னு தெரியணும்ல. எங்க தொழில்ல கையெழுத்து மாதிரி.”

“பதினாலுல இந்த வருஷத்துக் காசா?”

“இல்ல, போன வருஷத்துது. பிப்ரவரியில புதுக்காசு இன்னும் வெளிய வரல.”

தராசு தலையாட்டினார். ரேடியோ குழிக்குள்ளிருந்து அவர் முகத்தைப் பார்த்தான். ஜெயிக்கிற கேஸில் பாஸின் முகம் இப்படி இருக்காது.

இடுப்பளவு வந்தது. செங்கல் இல்லை.

“இந்த மூலைதான்,” என்றார் ஆய்வாளர். “தம்பி, இந்த மூலையிலதானே சுவர் இருந்துச்சு? நீதானே பிரஷ் போட்டுத் துடைச்சே?”

மேஸ்திரி நிமிர்ந்தார். வியர்வை கண்ணுக்குள் வழிந்தது. “உங்க குழி இவ்வளவு ஆழந்தாங்கக்கா. காசும் காணல. சாரு அளந்ததும் தப்பா இருக்கும். போதும்கா, மேல வந்துரலாம்.”

“கம்பி போடுங்க,” என்றார் தராசு.

கம்பி இன்னும் இறங்கியது. ஆய்வாளர் தோண்டாத ஆழத்தில் யாரோ தோண்டியிருக்கிறார்கள். மேஸ்திரி மண்வெட்டியை எடுத்தார். இந்த முறை அவர் வேகமாக வெட்டவில்லை. நெஞ்சளவுக்கு வருவதற்குள் மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. அதற்குக் கீழே மண் கல்லாக இறுகிக் கிடந்தது. தோண்டினவன் அங்கே நிறுத்தியிருக்கிறான்.

ரேடியோ வாடகைக்கு எடுத்து வந்திருந்த மெட்டல் டிடெக்டரைக் குழிக்குள் இறக்கினார்கள். மூணு மூலையிலும் அது சும்மா இருந்தது. நாலாவது மூலையில் மேஸ்திரி நின்றார். அங்கே அது கத்தியது.

“கடப்பாரை சார்,” என்றார் மேஸ்திரி.

ரேடியோ கடப்பாரையைத் தூக்கி மேலே எறிந்தான். மண்வெட்டியையும் எறிந்தான். மறுபடி இறக்கினார்கள். மறுபடி கத்தியது.

“உங்க உடம்புல இரும்புச் சத்து ஜாஸ்தி மேஸ்திரி,” என்றான் ரேடியோ. 

தராசு மெதுவாகச் சொன்னார்: “காலை எடுங்க.”

மேஸ்திரி அசையவில்லை.   பிறகு அவர் குனிந்தார். பாதத்தை நகர்த்தி, மண்ணை விரலால் கீறி எடுத்தார். எடுத்ததைச் சட்டையில் துடைத்து, தராசிடம் தராமல் அக்காவிடம் நீட்டினார்.

ஒன்று இல்லை. இரண்டு காசுகள்.

ஆய்வாளர் அவற்றைத் திருப்பிப் பார்த்தார். ஒன்று போன வருஷத்தது, அவருடையது. இன்னொன்று இந்த வருஷத்தது, இன்னும் பளபளப்புப் போகாதது.

“எனக்குப் புரியல,” என்றார். புரிந்துவிட்டது என்பது குரலிலேயே தெரிந்தது.

“உங்க காசு இடுப்பளவுல இருந்திருக்கணும்,” என்றார் தராசு. “நெஞ்சளவுல கிடைச்சிருக்கு. அதுவா கீழ இறங்காது. உங்களுக்கு அப்புறம் யாரோ இங்க பெருசா தோண்டி, சுவரையும் பானையையும் அள்ளியிருக்காங்க. மறுபடி இங்க யாரும் தோண்டிடக் கூடாதுன்னு கல்லை நகத்தியிருக்காங்க. கம்பெனி மிஷினுக்குக் காசு போடற பழக்கம் கிடையாது. மண்ணோட வந்த உங்க காசைத் தேடி எடுத்து, பத்திரமா வச்சிருந்து, தன் காசையும் பக்கத்துல வச்சு மூடியிருக்கான் ஒருத்தன். அவனுக்கு இந்தத் தொழில் தெரியும். உங்களையும் தெரியும்.”

“காலைலயே தெரியுமா சார் உங்களுக்கு?” மேஸ்திரி குழிக்குள்ளிருந்தே கேட்டார்.

“பயந்தேன். இன்னிக்குத் தோண்டப் போறோம்னதும் நீங்க முதல்ல புதுக்காசு வாங்கினீங்க. அது எதுக்குன்னு இவங்க சொன்னதும், காசு போடாம குழி மூட இந்த ஆளால முடியாதுன்னு தோணிச்சு.”

“எல்லாத்துலயும் பொய் சொன்னேன். அதுல முடியல சார்.” மேஸ்திரி தரையைப் பார்த்தார். “இருட்டறதுக்குள்ள அள்ளிரணும்னாங்க. அக்கா காசு மண்ணோட வந்துச்சு. அத எப்படித் தூக்கி எறியறது?”

“என்னைத் தூக்கி எறிஞ்சிட்டியேடா,” என்றார் ஆய்வாளர். சத்தம் போடவில்லை. “எதுக்கு? சொல்லு. எதுக்கு?”

“முப்பத்தேழாம் நம்பர் மனைக்கா. எம் பேருக்கு எழுதித் தரேன்னாங்க.” அவர் குழியின் பக்கவாட்டில் சாய்ந்துகொண்டார். “ஆயிரம் குழி தோண்டியிருக்கேன். ஒண்ணாவது எங்க வீட்டு அஸ்திவாரத்துக்கா இருக்கக் கூடாதான்னு ஆசப்பட்டேன். ரிப்போர்ட்ட மட்டும் மாத்துவாங்க, உங்க பேருக்கு ஒண்ணும் வராதுன்னாங்க. நம்பினேன்.”

“சுவரு எங்க? பானை எங்க?”

 மேஸ்திரியின் கண் கேட் பக்கம் போயிற்று. ரேடியோவும் திரும்பிப் பார்த்தான். ஒரு சொட்டு டீ சிந்தாத அந்த ரோடு வெயிலில் நீட்டாகக் கிடந்தது. 

“அதுக்கு அடியிலயா?” என்றான்.

“ஜல்லிக்குக் கீழ நிரவிட்டாங்க. பானை லோடு ஏத்தும்போதே போயிருச்சு.”

“அந்த வளையல்?” என்று கேட்டார் ஆய்வாளர்.

“தெரியலக்கா,” என்றார் மேஸ்திரி, முகத்தை மூடிக்கொண்டு.

*

மூணு மணி விசாரணை இருபத்தைந்து நிமிஷத்தில் முடிந்தது. மேஸ்திரி தானாகவே வந்து எல்லாவற்றையும் சொன்னார். கம்பெனி வக்கீல் எழுந்து, இந்த ஆளை எங்களுக்கு யாரென்றே தெரியாது, மனை தருவதாக ஒரு துண்டுக் காகிதமாவது இருக்கிறதா என்று கேட்டார். இல்லை. எல்லாம் வாய் வார்த்தை. டேப்லெட்? அது சர்வீஸ் சென்டரின் கவனக்குறைவு. கல்? அதுவும் மேஸ்திரிதான். ஆக மொத்தம் தப்பு செய்தவன் இந்த உலகத்திலேயே ஒருத்தன்தான், அவனும் ஒத்துக்கொண்டுவிட்டான்.

குழுவின் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆய்வாளர் மீது எந்தக் களங்கமும் இல்லை. மேஸ்திரி இனி எந்த ஆய்விலும் மண்வெட்டி பிடிக்கக் கூடாது, மற்றதைப் போலீஸ் பார்த்துக்கொள்ளும். இரண்டு காசுகளும் ஆதாரமாகக் கவருக்குள் போயின.

“அந்த ரோட்டைத் தோண்டிப் பாக்கணும் சார்,” என்றார் ஆய்வாளர்.

“தோண்டி?” தலைவர் அன்பாகத்தான் கேட்டார். “உங்களுக்குத் தெரியாததா அம்மா? இருந்த இடத்த விட்டு எடுத்த செங்கல் வெறும் செங்கல். அது எதையும் நிரூபிக்காது. பாதுகாக்கணும்னா அங்க ஏதாவது இருக்கணும். இப்ப ஒண்ணும் இல்லையே.”

கட்டுமானத்துக்கு அனுமதி அதே தாளில், அதே பேனாவில் கையெழுத்தாயிற்று.

படியிறங்கும்போது ரேடியோ எதையாவது சொல்லிப் பார்க்க வேண்டும் என்று நினைத்தான். “நீங்க ஜெயிச்சிட்டீங்கம்மா,” என்றான். சொன்ன பிறகு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது.

“குழி திறந்து கிடக்கு,” என்றார் ஆய்வாளர். “மூடணும்.”

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மேஸ்திரி ஏற்கெனவே அங்கே இருந்தார். ஒரு ஷேர் ஆட்டோ பிடித்து முன்னாலேயே வந்திருக்கிறார். இனி தொடக் கூடாது என்று சொல்லி ஒரு மணி நேரம் ஆகாத மண்வெட்டி பக்கத்தில் கிடந்தது. அவர் மண் தள்ளவில்லை. விளிம்பில் உட்கார்ந்து காத்திருந்தார்.

ஆய்வாளரைக் கண்டதும் எழுந்து, சட்டைப் பையில் கையை விட்டார். காலையில் டீக்கடையில் வருஷம் பார்த்து வாங்கிய காசு. உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

“நீங்க போடுங்கக்கா. நான் போடக் கூடாது.”

ஆய்வாளர் அந்தக் காசைப் பார்த்தார். தராசு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

“எதுக்கு?” என்றார் ஆய்வாளர். “மேல வீடு வந்துரும். நூறு வருஷம் கழிச்சு இங்க தோண்ட யாரு வரப்போறாங்க?”

மண்வெட்டியை எடுத்து முதல் மண்ணை அவரே தள்ளினார். மேஸ்திரி நீட்டிய கையை மடக்கவில்லை. குழி பாதி மூடும்வரை அந்தக் காசோடு அப்படியே நின்றார்.